‘டவுட்’ எந்தப் பக்கம் சாய்கிறது?

கேள்வி: ஐயா, நான் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பி.காம். முடித்து, இரண்டு ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன். போன பருவத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குப் பெங்களூரா மாங்கூழ் டிரம்களைக் கன்டெய்னரில் அனுப்பிய பிறகு, லோடு ஏற்றும்போது எடுத்த போட்டோவில் ஒரு டிரம்மின் அடியில் ஈரம் இருப்பதைக் கவனித்தேன். உடனே, ‘வி டவுட் தட் டிரம் நம்பர் 47 இஸ் லீக்கிங்’ என்று அவர்களுக்கு மெயில் எழுதினேன். ‘தெரிவித்ததற்கு நன்றி, வழக்கம்போல் இறக்கிக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. சில வாரங்கள் கழித்து, அந்த டிரம்மிலிருந்து கூழ் ஒழுகிப் பக்கத்து டிரம்களின் மேலெல்லாம் வழிந்து புளித்துவிட்டது என்றும், ஒழுகவில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம் என்றும் புகார் வந்தது. ‘தமிழ் மீடியத்தில் படித்தால் இப்படித்தான்’ என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அகராதியில் ‘டவுட்’ என்றால் சந்தேகம் என்றுதான் போட்டிருக்கிறது. நான் சந்தேகத்தைத்தானே எழுதினேன்? இனி இந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டுமா? அவர்களுக்கு இப்போது என்ன எழுதுவது?

ஆங்கிலப் பயிற்றுநரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய வாக்கியத்தில் எழுத்துப் பிழையும் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அதைப் படித்த வாடிக்கையாளருக்கு அது சொன்ன செய்தி, ‘47ஆம் எண் டிரம் ஒழுகுவதாக எங்களுக்குத் தோன்றவில்லை’ என்பதுதான். ஒழுகுகிறதோ என்று நீங்கள் பதறி எழுதிய வரி, ஒழுகாது என்று நீங்கள் தைரியம் சொன்ன வரியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, அந்த டிரம்மைத் தனியே ஒதுக்காமல் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். புகாரில் அவர்கள் சொன்னது பொய்யல்ல. நீங்கள் எழுதியதிலும் அலட்சியம் இல்லை. ‘டவுட்’ என்ற சொல்லுக்கு நேரே ‘சந்தேகம்’ என்று அகராதி எழுதியிருப்பதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். பல இடங்களில் அது பொருந்தும். உங்கள் வாக்கியம் அமைந்த இடத்தில் பொருந்தவில்லை.

ஏன் பொருந்தவில்லை என்பதை ஆங்கிலத்திலிருந்து தொடங்குவதைவிடத் தமிழிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும். நம் ஊர்ச் செய்தித்தாளை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். நள்ளிரவில் திரிந்துகொண்டிருந்த ஒருவரைப் போலீசார் ‘சந்தேகத்தின் பேரில்’ பிடித்து விசாரிப்பதாக ஒரு செய்தி இருக்கும். வேறொரு வழக்கில் நீதிமன்றம் எதிரிக்குச் ‘சந்தேகத்தின் பலனை’ அளித்து விடுதலை செய்ததாக இன்னொரு செய்தி இருக்கும். ஆளைப் பிடித்துக்கொண்டு போவதும் சந்தேகம்தான், ஆளை விடுவிப்பதும் சந்தேகம்தான். முதல் செய்தியில் உள்ள சந்தேகம் ‘இவன் செய்திருப்பானோ’ என்பது. இரண்டாவது செய்தியில் உள்ள சந்தேகம் ‘இவன்தான் செய்தான் என்பது உறுதியாகவில்லையே’ என்பது. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டு, முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு எது என்று புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இவற்றைத் தனித்தனிச் சொற்களாக வைத்திருக்கிறது. பிடித்துச் செல்லும் சந்தேகம் ‘சஸ்பிஷன்’, அதன் வினைச்சொல் ‘சஸ்பெக்ட்’. விடுவிக்கும் சந்தேகம்தான் ‘டவுட்’. ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’ என்ற சட்டத் தொடரில் அந்தச் சொல் இருப்பது இதனால்தான்.

ஆகவே ‘ஐ டவுட் தட்’ என்று தொடங்கும் வாக்கியம் எப்போதும் ‘இல்லை’ என்ற பக்கம் சாய்ந்திருக்கும். ‘ஐ சஸ்பெக்ட் தட்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘ஆம்’ என்ற பக்கம் சாய்ந்திருக்கும். ‘தட்’ வரும் இடத்தில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ போட்டாலும் ‘டவுட்’ சாயும் பக்கம் மாறாது, அழுத்தம்தான் சற்றுக் குறையும்.

தமிழில் இந்தச் சாய்வு இல்லாமல் இல்லை. சொல்லில் இல்லாமல் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். ‘அவர் வருவது சந்தேகம்தான்’ என்று சொன்னால் வரமாட்டார் என்று எண்ணுகிறோம் என்று பொருள். ‘அவர் வந்துவிடுவாரோ என்று சந்தேகமாக இருக்கிறது’ என்று சொன்னால் வருவார் என்று எண்ணுகிறோம் என்று பொருள். இரண்டிலும் அதே அவர், அதே வருகை, அதே சந்தேகம். ‘வருவது’ என்பதும் ‘வருவாரோ’ என்பதும்தான் பொருளை எதிரெதிர்ப் பக்கங்களுக்குக் கொண்டுபோகின்றன. நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சோதனை இதுவே. ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் உங்கள் எண்ணத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ஒழுகுவது சந்தேகம்தான்’ என்று சொல்ல வந்தால் ‘டவுட்’ சரி. ‘ஒழுகுகிறதோ என்று சந்தேகம்’ என்று சொல்ல வந்தால் ‘சஸ்பெக்ட்’ என்று எழுத வேண்டும். உங்கள் மனத்தில் இருந்தது இரண்டாவது. அந்தச் சிறிய ‘ஓ’காரத்தைச் சுமந்து செல்லும் சக்தி ‘டவுட்’ என்ற சொல்லுக்கு இன்றைய ஆங்கிலத்தில் இல்லை.

இது உங்கள் ஒருவருடைய தடுமாற்றம் அன்று. கிருஷ்ணகிரியில் நான் நடத்தும் மாலை வகுப்பில், புதிய குழு ஒவ்வொன்று சேரும்போதும், முதல் வாரத்தில் கரும்பலகையில் ‘ஐ டவுட் இட் வில் ரெய்ன் டுடே’ என்று எழுதிவிட்டு, இதை நம்பி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் குடை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்பேன். பெரும்பாலான கைகள் உயரும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டுகிறவர்களும், கல்லூரியில் படிக்கிறவர்களும், ஆங்கிலவழியிலேயே படித்து வந்தவர்களும் அந்தக் கைகளில் இருப்பார்கள். குடை வேண்டாம் என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள் என்று சொன்னால், சிலர் நான் தவறாகச் சொல்கிறேன் என்றே வாதாடுவார்கள். மழைக்கு ஏங்கும் ஊர்க்காரர்கள் ‘மழை வருமோ’ என்ற நினைப்போடுதான் வானத்தைப் பார்க்கிறோம். அந்த ‘வருமோ’வைத்தான் அவர்கள் ‘டவுட்’டுக்குள் வைத்துப் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நீங்கள் எழுதிய பொருளில் ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பழைய ஆங்கிலப் பேச்சில் ‘டவுட்’ என்பதற்கு அஞ்சுவது என்ற பொருளும் இருந்தது. சுமார் 1600ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் அங்கத்தில், தன் தந்தையின் ஆவி நடமாடுவதைக் கேள்விப்பட்ட இளவரசன் ‘ஐ டவுட் சம் ஃபௌல் ப்ளே’ என்கிறான். சூது நடக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. ஏதோ சூது நடந்திருக்கிறதோ என்று அஞ்சுகிறான். ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கில் இந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. அங்கே ஒருவர் மழையைப் பற்றி ‘ஐ டவுட்’ என்று தொடங்கினால், மழை வந்துவிடும் போலிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. என் வகுப்பில் கை தூக்குகிறவர்களைப் போல அவரும் குடையோடுதான் கிளம்புவார். ஆனால் இன்றைய வணிகக் கடிதங்களில் அந்தப் பழைய பொருள் செல்லாது.

இப்போது இந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் உள்ள இன்னொரு பழக்கத்துக்கு வருகிறேன், ஏனெனில் அதிலும் நீங்கள் இடறக்கூடும். பள்ளியில் கையைத் தூக்கி ‘சார், ஒரு டவுட்’ என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ‘டவுட் கேட்பது’, ‘டவுட் கிளியர் செய்வது’ என்பவை நம் வகுப்பறைகளின் சொந்தச் சொற்களாகவே ஆகிவிட்டன. இங்கே ‘டவுட்’ என்பதற்குக் கேள்வி என்று பொருள். ஆசிரியர் சொல்வதை நம்பாமல் கேட்பது அன்று. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. இங்கிலாந்துக்காரரிடமோ அமெரிக்கரிடமோ ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொன்னால், நம் பேச்சில் ஏதோ ஒன்று இவருக்கு நம்பிக்கையாக இல்லை போலும் என்று அவர் எண்ணக்கூடும்.

தெரியாமல் கேட்பதும் ஐயுற்றுக் கேட்பதும் வேறுவேறு என்பதை நம் இலக்கணம் மிகத் துல்லியமாகப் பிரித்திருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாக வகுக்கும்போது, அறியா வினாவைத் தனியாகவும் ஐய வினாவைத் தனியாகவும் வைத்தார். ‘இந்தப் பாட்டுக்குப் பொருள் என்ன?’ என்று மாணவர் கேட்பது அறியா வினா. ‘அங்கே கிடப்பது பாம்போ, கயிறோ?’ என்பது ஐய வினா. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நாம், வகுப்பில் கை தூக்கும்போது மட்டும் அறியா வினாவுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர் வைத்தோம்; பிறகு அதையே ‘டவுட்’ ஆக்கினோம். ஸ்பானிய மொழி பேசுகிறவர்களும் வகுப்பில் கேள்வி கேட்க வரும்போது ‘எனக்கு ஒரு ஐயம்’ என்ற பொருளில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் ஆங்கிலம் பேசும்போதும் இதே இடத்தில் இதே தவறு நேர்கிறது. ஆகவே நமக்குள் பேசும்போது ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொல்வதை நான் குறையாகக் கருதமாட்டேன். இந்தியாவுக்குள் அது எல்லோருக்கும் விளங்கும் ஆங்கிலம். நாட்டுக்கு வெளியே செல்லும் கடிதத்தில் மட்டும் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட்’ என்றோ, ‘குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்றோ எழுதுங்கள்.

அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கொஸ்டின்’ என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது மென்மையானது; அதையே வினையாக்கி ‘ஐ கொஸ்டின் யுவர் ரிப்போர்ட்’ என்று எழுதினால், உங்கள் அறிக்கையை ஏற்கமாட்டேன் என்று சண்டைக்குப் போவது போலாகிவிடும்.

ஒரு சொல் எல்லை தாண்டும்போது இப்படிப் பொருள் மாறுவதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து வரும் ஒரு மாணவரின் வீட்டு மொழி தெலுங்கு. ஒரு நாள் அவர் பாடத்தின் நடுவே எழுந்து, ‘சார், எனக்கு ஒரு அனுமானம்’ என்றார். எதையோ ஊகித்துவிட்டார், அதைச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘அனுமானம்’ என்றால் சந்தேகம். தமிழில் அது ஊகம். வடமொழியிலிருந்து வந்த ஒரே சொல்தான், பக்கத்துப் பக்கத்து மொழிகளில் வெவ்வேறு பொருளில் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மொழிக்கும் நமக்கும் நடுவிலேயே இப்படி நேர்கிறது என்றால், ‘டவுட்’ இவ்வளவு தொலைவிலிருந்து நம்மிடம் வந்து மாறியதில் வியப்பில்லை.

அடுத்து, ‘டவுட்’டுக்குப் பின்னால் நேரடியாக ஒரு பொருளையோ ஆளையோ வைப்பதைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் பிரிக்ஸ் (கூழில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவு) 14 என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் இருந்து, அதைப் பற்றி விசாரிக்க நீங்கள் ‘வி டவுட் யுவர் லேப் ரிப்போர்ட்’ என்று எழுதினால், உங்கள் அறிக்கையை நாங்கள் நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். ‘வி ஹேவ் டவுட்ஸ் அபௌட் யுவர் பேக்கிங்’ என்பதும் அப்படித்தான்; உங்கள் பேக்கிங்கில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது அதன் பொருள். ஆளைப் போட்டு ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் இன்னும் கடுமை: அவர் பேச்சை நம்ப முடியாது என்கிறோம். வணிகம் நம்பிக்கையில் ஓடுகிறது. ஆராயாமல் ஒருவரை நம்பித் தெளிவதும், தெளிந்தவரிடத்தில் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் 510ஆம் குறள் சொல்கிறது. பல ஆண்டுகளாகச் சரக்கு வாங்கும் ஒருவருக்கு, ஓர் எண்ணைச் சரிபார்க்க எழுதிய கடிதம் ‘தெளிந்தான்கண் ஐயுறவு’ போலப் படித்தால், அதன் பின் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அவர் அந்தக் கண்ணோடுதான் படிப்பார். அறிக்கை தவறு என்று உண்மையிலேயே நினைத்தால்கூட, ‘தேர் சீம்ஸ் டு பி எ டிஃபரன்ஸ் இன் தி பிரிக்ஸ் ஃபிகர்’ என்று எண்ணைப் பற்றி எழுதுங்கள். சுட்டுவது எண்ணாக இருக்கட்டும், ஆளாக வேண்டாம்.

‘நோ டவுட்’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘சந்தேகமே இல்லை’ என்றால் நூற்றுக்கு நூறு உறுதி. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘நோ டவுட்’ பெரும்பாலும் அவ்வளவு உறுதியானதன்று. ‘நோ டவுட் யூ ஹேவ் ரிசீவ்ட் தி டாக்குமென்ட்ஸ்’ என்றால், ஆவணங்கள் இதற்குள் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறோம் என்ற அளவுதான். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘வித்தவுட் டவுட்’ என்று எழுதலாம்; அதைவிட நல்லது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற விவரத்தையே எழுதிவிடுவது.

மேலாளர் சொன்ன சொல் உங்களைப் புண்படுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அது நியாயமான சொல் அன்று, உண்மையும் அன்று. இந்தத் தவற்றுக்கும் பயிற்றுமொழிக்கும் தொடர்பில்லை. இது எங்கிருந்து வருகிறது என்றால், ‘டவுட்’ என்ற சொல்லை இருபது ஆண்டுகள் நாள்தோறும் கேட்டும் சொல்லியும் வளர்ந்ததிலிருந்து வருகிறது; ஆங்கிலவழியில் படித்தவர் அதை உங்களைவிட அதிகமாகக் கேட்டிருப்பார். தெரியாத சொல் என்றால் அகராதியைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு பேரைக் கேட்டிருப்பீர்கள். மிகவும் பழகிய சொல் என்பதால்தான் கை தயங்காமல் எழுதிவிட்டது. அதோடு, லோடு போட்டோக்களை உருட்டிப் பார்த்து ஒரு டிரம்மின் அடியில் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்தவர் அந்த அலுவலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்பதை மேலாளர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சொல்லை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நம்பவில்லை என்று சொல்ல வேண்டிய நாள் வரும்போது அது தேவைப்படும். ‘வி டவுட் தட் தி கன்டெய்னர் வில் ரீச் சென்னை போர்ட் பை ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் துறைமுகம் போய்ச் சேராது என்று நினைக்கிறோம் என்ற செய்தி மரியாதையாகவும் தெளிவாகவும் போய்ச் சேரும். அதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை.

இனி அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதம். விளக்கம் எழுதத்தான் வேண்டும். ஆனால் இதில் இழப்பீட்டுப் பணமும் அடங்கியிருப்பதால், மேலாளரின் ஒப்புதலைப் பெறாமல் நீங்களாக அனுப்பாதீர்கள். ஒப்புதல் கிடைத்ததும் நான்கே வரிகள் போதும்: ‘பிஃபோர் தி கன்டெய்னர் அரைவ்ட், வி ரோட் தட் வி டவுட்டட் டிரம் நம்பர் 47 வாஸ் லீக்கிங். வி யூஸ்ட் தி ராங் வேர்ட். வாட் வி மென்ட் வாஸ் தட் வி சஸ்பெக்டட் எ லீக் அண்ட் வான்டட் யூ டு செக் இட். வி ஆர் சாரி ஃபார் தி டிரபிள் திஸ் காஸ்ட் யூ.’ சொற்களின் வரலாற்றையோ நம் நாட்டு வழக்கையோ அவர்களுக்கு விளக்க வேண்டாம். லோடு ஏற்றும்போது எடுத்த அந்தப் போட்டோவை மெயிலோடு இணையுங்கள். டிரம்மின் எண்ணும் அடியிலுள்ள ஈரமும் ஒரே படத்தில் தெரியட்டும். நீங்கள் எழுதிய நாளில் உங்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை அந்தப் படம் அவர்களுக்குக் காட்டும்.